பாலிசி, ஸ்டாண்டர்டு, புரொசீஜர்: எதை எதில் எழுதுவது?

தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழுக்குத் தயாராகிறோம், பாலிசி, ஸ்டாண்டர்டு, புரொசீஜர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஐஎஸ்ஓ அதைத் தடுக்கவில்லை. ஆனால் அப்புறம் ஒரு எண்ணை மாற்றக்கூட எம்.டி. கையெழுத்துக்கு அலைவீர்கள்.

நான் பிரிக்கும் விதம் இதுதான்: இந்த வரியை மாற்ற யார் ஒப்புதல் வேண்டும்? மேலிடம் என்றால் பாலிசி, செக்யூரிட்டி தலைவர் போதும் என்றால் ஸ்டாண்டர்டு. வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பது புரொசீஜர்.

'90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும்' என்பதைப் பலர் பாலிசியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். காரணமில்லாமல் அப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் சொன்னபோது, அந்த ஒரு வரிக்காக மேலிடம் வரை போக வேண்டிய நிலை. ஸ்டாண்டர்டில் இருந்திருந்தால் செக்யூரிட்டி தலைவரே திருத்தியிருப்பார்.

நம் ஊர் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். லாக்குகளை (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். 'சட்டப்படி உரிய நேரத்தில் தெரிவிப்போம்' என்பது பாலிசி. 6 மணி, 180 நாள் என்ற எண்கள் ஸ்டாண்டர்டு. ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் ஷிஃப்டில் இருப்பவர் முதலில் யாருக்கு போன் போட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், சர்வரை ஆஃப் செய்யாமல் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் எப்படிப் பிரிப்பது, சர்ட்-இன் படிவத்தை யார் நிரப்புவது, இதெல்லாம் புரொசீஜர். தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்கும் புரிய வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் கோட்டை விடுவது இங்கேதான். பாலிசி 40 பக்கம் இருக்கும், போன் நம்பர் இருக்காது.

பேஸ்லைன் என்பது ஒரு வகை சர்வருக்கோ லேப்டாப்புக்கோ குறைந்தபட்சம் இருக்க வேண்டிய செட்டிங்குகள். சிஐஎஸ் என்ற அமைப்பு வெளியிடும் பாதுகாப்பு செட்டிங் பட்டியலான சிஐஎஸ் பெஞ்ச்மார்க்கை எடுத்து உங்களுக்கு ஒத்துவராததை நீக்கினால் போதும். கைடுலைன் வெறும் ஆலோசனை, கட்டாயமில்லை. கட்டாயமாக்கத் தைரியமில்லாததையெல்லாம் அதில் தள்ளாதீர்கள்.

விதியைப் பின்பற்ற முடியாத இடங்களுக்கு விலக்கு தர எக்செப்ஷன் படிவம் ஒன்றும் வேண்டும். பழைய விண்டோஸில் ஓடும் ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக் எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) சர்வர் எங்கும் ஒன்று இருக்கத்தான் செய்யும். யார் அனுமதித்தார், எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கட்டும். தேதி இல்லாத எக்செப்ஷன் நிரந்தரமாகிவிடும்.

பாலிசிக்கு இரண்டு மூன்று பக்கம் தாராளம். நெட்டில் டெம்ப்ளேட் இறக்குவதாக இருந்தால், ஃபூட்டரில் வேறு கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.