காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சை போதுமா?

கேள்வி: என் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், வீட்டிலேயே இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சானடோரியத்தில் சேர்த்துத்தானே குணப்படுத்தினார்கள்? ஒரே அறை உள்ள வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியபோது, காசநோயைக் குணப்படுத்தும் மருந்தே கிடையாது; ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு ஆகியவற்றையே நம்ப வேண்டியிருந்தது. மருந்துகள் வந்த பிறகும் மருத்துவமனைப் படுக்கை தேவையா என்று அறிய, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஓர் ஆய்வை நடத்தியது. ஏழை நோயாளிகள் 193 பேரில் யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான குடியிருப்புகளில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தார்கள். அப்படியிருந்தும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, மருந்து தொடங்காத நாட்களில்தான் பரவுகிறது.

அந்த ஆய்வில் என் மனத்தில் நிற்பது வேறொன்று. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். மாத்திரை தவறினால்தான் ஆபத்து என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் கணவருக்கும் அதுவே முக்கியம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று தோன்றும். அப்போதுதான் நீங்கள் விடாமல் கவனிக்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ தொடர்ந்து வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளை இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தருவார்கள்.

கேள்வி: அப்படியானால் சத்துணவு தேவையில்லையா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: நிச்சயம் தேவை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்கள் இறப்பதும் வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022 முதல், நோய் உறுதியான உடனே எடை, ஆக்சிஜன் அளவு, உதவியின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமான நிலையில் உள்ளவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு வீடே போதும்; மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.