அம்மப்பாவின் கடையில் உங்கள் பங்கு அரைப் பேர்ச்

கேள்வி: மட்டக்களப்பு நகரில் அம்மப்பாவுக்குப் பெரிய கடையும் 20 பேர்ச் காணியும் இருந்தன. பிள்ளைகள் ஐவர். அம்மா இறந்துவிட்டார், அப்பா இருக்கிறார், நாங்கள் நால்வர். முப்பது வருடமாகக் கடையில் இருக்கும் மாமா, காணி தனக்கே என்கிறார். என் பங்கை வாங்க ஒரு தரகர் வருகிறார். கொடுக்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: கொடுக்க எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு. உங்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்: துணைக்குப் பாதி, மீதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு வந்தது 1/5. அதில் பாதி, அதாவது முழுக் காணியில் 1/10, அப்பாவுக்கு; உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 1/40. அதாவது அரைப் பேர்ச். யாருக்காவது சீதன உறுதியில் வீடு போயிருந்தால், கொடுத்தவர் விலக்களிக்காதவரை அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பெரிய கடைகள் பாழடைவது இப்படித்தான். இத்தனை பங்காளிகளில் கூரை மாற்றக் காசு போடுபவர் யார்?

அரைப் பேர்ச்சுக்கு நல்ல விலை சொல்பவர் அரைப் பேர்ச்சுக்காக வரவில்லை. உறுதி கைக்கு வந்த அன்றே அவரும் பங்காளி. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்கீழ் வழக்கு வைப்பார். துண்டாட முடியாத சிறு காணியென்றால் நீதிமன்றம் முழுவதையும் விற்கச் சொல்லலாம். ஏலம் முதலில் பங்காளிகளுக்குள். அன்று காசோடு நிற்பவர் அவர் ஒருவர்தான். "அற்றோணி மட்டும் தாங்க, மிச்சத்த நாங்க பாக்கிறம்" என்பார். அற்றோணி என்பது உங்களுக்காகச் செயற்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். கையெழுத்துப் போடாதீர்கள், விற்கும் அதிகாரமும் அதற்குள் இருக்கும்.

மாமா விடயம். பத்து வருடம் ஆட்சியில் இருந்தால் காணி சொந்தமாகும் என்பது அந்நியருக்குப் பொருந்தும். பங்காளி ஒருவர் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும்; 1911இல் கொரயா வழக்கில், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவிக் கவுன்சில் சொன்னது இதுதான். ஆனால் 1918இன் திலகரத்ன வழக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. மிக நீண்ட காலம் தனியே வருமானம் எடுத்து, ஒருவருக்கும் பங்கு கொடுக்காமல், முழு உரிமையாளராகவே நடந்திருந்தால், மற்றவர்களை அவர் எப்போதோ விலக்கிவிட்டார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். எத்தனை வருடம் போதும் என்பதற்கு அளவுகோல் இல்லை. ஆகவே வருமானத்தில் பங்கு கேட்டு இப்போதே பதிவுத்தபாலில் எழுதுங்கள். மறுத்துப் பதில் வந்தால் அன்றிலிருந்து பத்து வருடம் ஓடத் தொடங்கும். கடிதத்தை அலுமாரியில் பூட்டிவிட்டு இருக்காதீர்கள். மாமா எப்போதோ காசு அனுப்பிய ஒரு துண்டு இருந்தாலும் அது உங்களுக்குப் பொன்.

காணிப் பதிவகத்தில் பதிவேட்டுத் தாளின் பிரதியும் எடுங்கள். யாராவது பிரகடன உறுதி, அதாவது காணி தனக்கே என்று தானே அறிவிக்கும் உறுதி, முடித்திருக்கக்கூடும். பதிவகம் உறுதியைப் பதியும், உரிமையை விசாரிக்காது. நூறு வருடத்துக்கு மேலாக இதே கூத்து. இந்தக் காணிக்கு உறுதி ஏதும் பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்கும்படி கேவியற் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வையுங்கள்.

விற்பதென்றால் அப்பாவும் நால்வருமாக 1/5ஐ ஒன்றாக, முதலில் மாமாவுக்கே விலை சொல்லுங்கள்.