வால்வு மாற்றிய பிறகு இதயத்தைச் சுற்றிப் பால் நிறத்தில் நீர்: அது சீழா?

உங்கள் தந்தைக்கு வால்வு மாற்றிய மூன்றாவது வாரத்தில் இதய உறையிலிருந்து எடுத்த நீர் பால்போல் இருந்தது, அது சீழா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது. நானும் சீழ் என்றே நினைத்து நடுங்கிப்போனேன்.

வீடு திரும்பியபின் அம்மாவால் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினார். "பெரிய ஆபரேஷன், தேற நாளாகும்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த பிறகுதான் இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருப்பது தெரிந்தது.

இதய உறைக்குள் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி நீர் இருக்கும். மெதுவாகச் சேர்ந்தால் உறை விரிந்து இடம் கொடுக்கும். வேகமாகச் சேர்ந்தால் கொஞ்ச நீரே இதயத்தை நெரித்துவிடும். வால்வு சிகிச்சைக்குப் பின் சேர்வது பெரும்பாலும் இரத்தம் அல்லது அழற்சி நீர். பால் நிறம் மிக அரிது. குடல் உறிஞ்சும் கொழுப்பைச் சுமந்து மார்பின் வழியே மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியில் இரத்தத்தில் கலக்கும் நிணநீர்க் குழாய் ஒன்று உண்டு. அதுவோ அதன் கிளையோ காயப்பட்டால் அந்தக் கொழுப்பு கலந்த நிணநீர் உறைக்குள் கசியும். சீழா இல்லையா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்: நிணநீரானால் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு பொதுவாக டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் மிகுந்திருக்கும், கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) கிருமி வளராது. இந்த மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு வடிகுழாய் வைத்து, சாதாரண எண்ணெய், நெய் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (எம்சிடி) என்ற தனி வகைக் கொழுப்பு மட்டும் கொடுத்தார்கள். அது குடலிலிருந்து பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுவதால் நிணநீர் ஓட்டம் குறைந்து, கசிவு தானாக அடைபட வாய்ப்புக் கிடைக்கிறது. பத்து நாட்களில் பையில் வடிந்தது வைக்கோல் நிறத்துக்கு மாறியது. எல்லோருக்கும் இப்படி நிற்பதில்லை. நிற்காவிட்டால் இரத்த நாளம் வழி ஊட்டம், நிணநீர்க் கசிவைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி, கடைசியாக அந்த நிணநீர்க் குழாயையே கட்டும் அறுவை சிகிச்சை என்று போக வேண்டியிருக்கும். வடியும் நீரோடு புரதமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் வெளியேறுவதால் நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

உலோக வால்வு என்றால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உணவு மாறும்போது ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) அளவும் மாறலாம் என்பதால் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். வடிகுழாயை எடுத்த பிறகு மூச்சு முட்டல், தலைசுற்றல், கழுத்து நரம்புப் புடைப்பு எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே அழைத்துச் செல்லுங்கள்.