அசடு வழியத் தெரிந்த படங்கள்: பதின்ம வயதுக் காதல் நகைச்சுவை பற்றிக் கேள்வி பதில்

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் படம் போட்டுக் காட்டி, அப்புறம் உட்கார்ந்து பேசி வருகிறேன். இந்த வகைப் படங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி (கல்லூரி மாணவர்): அக்கா, ஒரு பதின்ம வயதுக் காதல் நகைச்சுவைப் படம் இருபது வருடம் கழித்தும் மனதில் நிற்க எது முக்கியம்? பாட்டா, ஜோடிப் பொருத்தமா, வசனமா?

பதில்: கூச்சம் என்றுதான் சொல்வேன். பதினாறு வயதுக் காதலில் வேலை போகாது, சொத்து போகாது. ஆனால் வகுப்பில் நாற்பது பேர் முன்னால் மானம் போய்விடும். அந்த வயதில் அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. அந்த நஷ்டத்தை அந்த வயதுக்காரர்களின் கணக்கிலேயே எழுதுகிற படம் நிற்கிறது. "சின்னப் பிள்ளைகள் விளையாட்டு" என்று மேலே நின்று கொஞ்சுகிற படம் அடுத்த வாரமே மறந்துபோகிறது.

1999இல் வந்த "டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியரின் "டேமிங் ஆஃப் த ஷ்ரூ" நாடகத்தை அமெரிக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்த கதை. அக்கா யாருடனாவது வெளியே போனால்தான் தங்கையும் போகலாம் என்று அப்பா சட்டம் போடுகிறார். அக்கா கேட், யாரையும் கிட்டே சேர்க்காதவள். அவளை எப்படியாவது அழைத்துப் போகச் சொல்லி பேட்ரிக் என்ற பையனுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கேட்டாக ஜூலியா ஸ்டைல்ஸ், பேட்ரிக்காக ஹீத் லெட்ஜர்.

ஒரு விருந்து முடிந்து திரும்பும்போது, காருக்குள் கேட் அவனை முத்தமிட நெருங்குகிறாள். அவள் குடித்திருக்கிறாள் என்பதால் அவன் விலகிக்கொள்கிறான். செய்தது சரிதான், ஆனால் அவளுக்கு அது அவமானம். அதன் பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்த அந்த மைதானக் காட்சி. கால்பந்துப் பயிற்சியில் கேட் நின்றுகொண்டிருக்கிறாள். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கிறது, பாடுகிறவனைக் காணோம். அப்புறம் படிக்கட்டு இருக்கைகளின் உச்சியில் மைக்கோடு வருகிறான். 1967இல் பிராங்கி வாலி பாடிப் புகழ்பெற்ற "கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ" பாட்டு. பள்ளி பேண்டு வாத்தியக் குழு சேர்ந்துகொள்கிறது. இரண்டு காவலர்கள் துரத்த, அவன் ஆடிக்கொண்டே ஓடுகிறான்.

குரல் அவ்வளவு சுகமில்லை. அதனால்தான் காட்சி நிற்கிறது. அவளுக்கு வந்த அவமானத்துக்கு ஈடாகத் தன் மானத்தைப் பள்ளி முழுக்கப் பார்க்கும்படி வைக்கிறான். கணக்கு அதோடு முடியவில்லை. அதற்காக அவனுக்குத் தண்டனை வகுப்பு கிடைக்க, அவனைத் தப்பவிடுவதற்காகக் கேட் ஆசிரியர் முன்னால் வெட்கத்தை விட்டுக் கோமாளித்தனம் செய்கிறாள். கடைசியில் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்க, தான் எழுதிய கவிதையைப் படிக்கிறாள். பாதியில் குரல் உடைகிறது. அந்த அழுகை திட்டமிட்டது இல்லை, தானாக வந்தது என்று ஜூலியா ஸ்டைல்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக அவன் ஒரு முறை, அவள் இரண்டு முறை. ஒருவருக்காக ஒருவர் ஊர் முன்னால் எவ்வளவு வெட்கப்படத் தயார் என்பதுதான் அந்தப் படத்தின் திரைக்கதையே.

கேள்வி (பள்ளி ஆசிரியை): மேடம், அந்த மைதானப் பாட்டுக்கும், நம் படங்களில் பெண் பின்னால் சுற்றி நடுத்தெருவில் கத்திக் காதல் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் மாட்டிவிடுவதுதானே?

பதில்: நியாயமான கேள்வி. கோடு மெல்லியதுதான். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். அந்தக் காட்சியில் அசடு வழிவது யார்? மைதானத்தில் எல்லாரும் பார்த்துச் சிரிப்பது அவனை. நம் தெருக் காட்சிகளில் கதாநாயகன் கைதட்டல் வாங்குவான், அந்தப் பெண் கூனிக் குறுகி நிற்பாள். இரண்டாவது, அவள் "மாட்டேன்" என்றால் கதை அதை ஏற்குமா?

1989இல் காமரன் குரோ இயக்கிய "சே எனிதிங்" படத்தில், பிரிந்துபோன காதலியின் வீட்டுக்கு வெளியே ஜான் குசாக் டேப் ரெக்கார்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். போஸ்டராக எத்தனையோ அறைகளில் தொங்கிய காட்சி அது. பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு: அதைக் கேட்டு அவள் இறங்கி வருவதில்லை. படுக்கையில் விழித்துக்கொண்டு பாட்டைக் கேட்கிறாள், அவ்வளவுதான். அவள் திரும்பி வருவது பிறகு, தன் அப்பா முதியோர் இல்லத்துப் பணத்தைச் சுருட்டியவர் என்பது தெரிந்து மனம் உடைந்த நேரத்தில், தன் முடிவாக. பாட்டு போட்டால் பெண் மசிந்துவிடுவாள் என்று அந்தப் படம் சொல்லவே இல்லை.

கேள்வி: பழைய படங்களை இன்று பார்த்தால் சில இடங்கள் உறுத்துகின்றன. அதற்காக ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: ஒதுக்க வேண்டாம், உறுத்தலோடு பாருங்கள். ஜான் ஹியூஸின் "சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்" 1984இல் வந்தது. அக்கா கல்யாணக் களேபரத்தில் தங்கையின் பதினாறாவது பிறந்தநாளை வீடே மறந்துவிடுகிறது. என்ன அழகான முடிச்சு! வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த யாருக்கும் அந்த வலி விளக்காமலே புரியும். அதே படத்தில் ஆசிய மாணவன் ஒருவனை வெறும் கேலிப் பொருளாக்கியிருக்கிறார்கள். போதையில் நினைவில்லாத ஒரு பெண்ணை இன்னொருவனிடம் ஒப்படைப்பதைச் சிரிப்பாக வைத்திருக்கிறார்கள். கதாநாயகியாக நடித்த மாலி ரிங்வால்டே 2018இல் தன் பழைய படங்களைத் தாயின் கண்ணோடு திரும்பிப் பார்த்து நீண்ட கட்டுரை எழுதினார். அவற்றின் மேல் உள்ள பிரியத்தையும் விடவில்லை, தப்பையும் மூடவில்லை. நானும் அந்தப் பக்கம்தான்.

எந்தச் சிரிப்பு கெட்டுப்போகிறது என்று கவனியுங்கள். ஒருத்தரை மனுஷராகவே எண்ணாமல் சிரித்த இடம் கெட்டுப்போகிறது. தன் அசட்டுத்தனத்தைப் பார்த்துத் தானே நெளிகிற இடம் நாற்பது வருடம் ஆனாலும் கெடுவதில்லை.

கேள்வி (குறும்பட இயக்குநர்): இளைஞர்கள் பேசுகிற மொழி ஆறு மாதத்தில் மாறிவிடுகிறது. வசனம் எழுதவே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். பழசாகப்போவது உறுதி, ஆகவே முழு மனதோடு எழுதுங்கள். 1995இல் வந்த "க்ளூலெஸ்" படத்துக்காக இயக்குநர் ஏமி ஹெக்கர்லிங் பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். கேட்ட சொற்களோடு கற்பனையையும் கலந்து அந்தப் பெண்களுக்கென்று ஒரு பேச்சையே உண்டாக்கினார். கதை என்னவோ ஜேன் ஆஸ்டினின் "எம்மா". ஊராருக்கெல்லாம் ஜோடி சேர்த்துவிட்டுத் தன் மனதை மட்டும் படிக்கத் தெரியாத பணக்காரப் பெண். எலும்பு இருநூறு வருடப் பழசு, தோல் மட்டும் அன்றைய தேதி. எலும்பு உறுதியாக இருந்தால் தோல் பழசானாலும் அழகுதான்.

இன்னொன்று சொல்கிறேன். அந்தப் படத்தில் வகுப்பில் விவாதம் பேசும்போது, கதாநாயகியாக நடித்த அலிசியா சில்வர்ஸ்டோன் ஹைட்டி நாட்டு மக்களைக் குறிக்கும் சொல்லைத் தப்பாக உச்சரித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. யாரும் திருத்தாதீர்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பெரிய விஷயத்தைப் பற்றி முழு நம்பிக்கையோடு தப்பாகப் பேசுவது பதினாறு வயதுக்கே உரிய அழகு. அதை எழுதி வரவழைக்க முடியாது. உங்கள் நடிகர்கள் தடுமாறும்போது கேமராவை உடனே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: முப்பது வயதுக்காரர்களைப் பள்ளி மாணவர்களாக நடிக்க வைப்பது ஏன்? எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: சட்டப்படி குறைந்த நேரம்தான் சிறுவர்களை வேலை வாங்க முடியும், அது ஒரு காரணம். ஆனால் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. "டென் திங்ஸ்" எடுக்கும்போது ஸ்டைல்ஸுக்கு 17, லெட்ஜருக்கு 19. அந்த முகங்களில் பாதி வெந்த தன்மை தெரியும். "க்ளூலெஸ்" படத்தில் கதாநாயகியின் தோழியாக வந்த ஸ்டேசி டாஷுக்கோ படம் வெளியானபோது 28. அங்கேயும் உறுத்தவில்லை, ஏனென்றால் அந்தப் படமே பெரியவர்கள் மாதிரி உடுத்திப் பேசுகிற பிள்ளைகளைப் பற்றியது.

கேள்வி (மதுரை வாசகர்): "ப்ரிட்டி இன் பிங்க்" பார்த்து இன்றும் கோபம் எனக்கு. கூடவே இருந்த நண்பன் டக்கியை விட்டுவிட்டு அந்தப் பணக்காரப் பையனிடம் ஏன் போகிறாள்?

பதில்: உங்கள் கோபத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அண்ணா. 1986இல் வந்த படம். எழுதியவர் ஜான் ஹியூஸ், இயக்கியவர் ஹோவர்ட் டாய்ச். முதலில் எடுத்த முடிவில் அவள் டக்கியோடுதான் சேர்ந்தாள். முன்னோட்டமாகப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முடிவை மாற்றித் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் பணக்காரப் பையனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்திருந்தார். கடைசிக் காட்சியில் அவர் தலையில் இருப்பது விக். அடுத்த முறை பாருங்கள், தெரியும். அடுத்த வருடமே அதே ஹியூஸும் டாய்ச்சும் "சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்" எடுத்தார்கள். அதில் பையன் கடைசியில் தன் உற்ற தோழியையே தேர்ந்தெடுக்கிறான். விட்ட இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு முதல் படத்தின் மாற்றிய முடிவுதான் சரி. கூடவே இருந்தான் என்பது ஒரு தகுதி ஆகாது. அவள் மனம் அங்கே இல்லை.

கேள்வி (சினிமா எழுத விரும்பும் பெண்): அக்கா, தமிழில் பள்ளிக் காதல் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் இந்த வகை நகைச்சுவை ஏன் நமக்கு அமையவில்லை?

பதில்: இதைத்தான் நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். 1981ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே வருடத்தில் நமக்கு "அலைகள் ஓய்வதில்லை", "பன்னீர் புஷ்பங்கள்" இரண்டும் வந்தன. ஒன்று கடற்கரைக் கிராமம், இன்னொன்று ஊட்டிப் பள்ளி. இரண்டிலும் இளையராஜா. அந்த வயதின் ஏக்கத்தை இரண்டும் மதித்தன. ஆனால் பாரதிராஜாவின் "அலைகள் ஓய்வதில்லை" பூணூலும் சிலுவையும் கழற்றி எறியப்படுகிற இடத்தில் போய் முடிகிறது. நம் ஊரில் பதினாறு வயதுக் காதல் என்றதும் சாதியும் மதமும் குடும்ப மானமும் வாசலில் வந்து நின்றுவிடும். உயிர் போகும் விஷயத்தில் சிரிக்க எங்கே இடம்?

அதே 1981இல்தான் ஸ்காட்லாந்தில் பில் ஃபோர்சைத் எடுத்த "கிரெகரிஸ் கேர்ள்" வெளிவந்தது. கம்பர்னால்டு என்ற புதுநகரம், சாதாரண அரசுப் பள்ளி. கால்பந்து அணியில் கிரெகரியின் இடத்தை டோரதி என்ற பெண் பிடித்துவிடுகிறாள். அவனை கோல்கீப்பராக்கிவிடுகிறார்கள். அவனோ அவள் மேலேயே மயங்கிப்போகிறான். இந்தச் சிக்கலில் அவனுக்கு ஆலோசனை சொல்வது பத்து வயதுத் தங்கை! டோரதி வருவாள் என்று அவன் காத்திருக்க, வேறொரு பெண் வருகிறாள். அவள் இன்னொருத்தியிடம், அந்த இன்னொருத்தி மூன்றாமவளிடம் என்று கைமாற்றிவிட, கடைசியில் சூசனோடு பூங்காவில் போய்ச் சேர்கிறான். இருவரும் புல்லில் மல்லாந்து படுத்து, கைகளை மட்டும் வானத்தில் அசைத்து ஆடுகிறார்கள். பூமி சுற்றுகிறதே, ஆடுவதை நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்கிறான் அவன். தொடுவதுகூட இல்லை. காதல் காட்சி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நான்கு கைகள்தான்.

வில்லனே இல்லாத படம் அது. நம்மிடம் தடை செய்கிறவர் இல்லாமல் காதல் கதை எழுதும் பழக்கம் குறைவு. அதோடு நம் படங்களில் நகைச்சுவைக்கென்று தனி ஆள், தனி டிராக். அசடு வழிவது காமெடியன் வேலை, கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்தியே நிற்க வேண்டும். கேரளத்தில் 2019இல் கிரீஷ் ஏ.டி. எடுத்த "தண்ணீர் மத்தன் தினங்கள்" அதை உடைத்துக் காட்டியது. பிளஸ் டூ படிக்கிற ஜெய்சனுக்குக் கீர்த்தி மேல் ஆசை, புதிதாக வந்த வாத்தியார் மேல் எரிச்சல். அவனைத் தவிர எல்லாருக்கும் அந்த வாத்தியார் என்றால் உயிர். அவன் புலம்பலை நம்ப ஆளில்லை. பள்ளி விட்டதும் தர்பூசணி ஜூஸ் கடை; தலைப்பில் வரும் தண்ணீர் மத்தன் அந்தத் தர்பூசணிதான். கதாநாயகனே மூக்குடைபட்டு நிற்கிறான், அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், அவன் பக்கமும் நிற்கிறோம். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது நமக்கும் முடியும். எழுதுங்கள், அம்மா. வாசலில் சாதி நிற்கிறதை மறைக்க வேண்டாம், ஆனால் கதையை முழுக்க அதன் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம்.

கேள்வி: செல்போன் வந்தபின் இந்தக் கதைகளில் சுவையே போய்விட்டது என்கிறார்களே?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அனுப்பிவிட்டு, நீல டிக் விழுந்தும் பதில் வராத பத்து நிமிடத்தில் இல்லாத நாடகமா? ஆனால் அழிக்க முடியாத ஒன்று கதையில் இருக்க வேண்டும். 2018இல் வந்த "டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்டு பிஃபோர்" படத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆனால் கதையைத் தூக்குவது கையால் எழுதிய ஐந்து கடிதங்கள். யாருக்கும் அனுப்பாமல் பெட்டியில் ஒளித்து வைத்தவை. தங்கை எடுத்துத் தபாலில் போட்டுவிடுகிறாள். திரும்பப் பெறவே முடியாது.

கேள்வி (ஒரு தாய்): பெண்ணுக்குப் பதினான்கு வயது. அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் எதில் தொடங்கலாம்?

பதில்: அந்தக் கடிதப் படத்திலேயே தொடங்குங்கள், அம்மா. அம்மாவை இழந்த மூன்று பெண்கள், அப்பா, வீடு என்று குடும்பமும் நிறைய வரும், பேச இடம் இருக்கும். "கிரெகரிஸ் கேர்ள்" எனக்கு உயிர், ஆனால் தொடக்கத்தில் பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்க்கும்போது அவள் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். முடிந்ததும் என்ன புரிந்தது என்றும் கேட்க வேண்டாம். உங்கள் பள்ளிக்கூட நாட்களில் நீங்கள் அசடு வழிந்த கதை ஒன்றைச் சொல்லுங்கள். அவள் பேச ஆரம்பிப்பாள்.