ஐஸ் பைத்தியம் புடிச்ச துணி மொதலாளி: டோல்ஃபுஸ்-ஓசே கேள்வி பதில்

துணி மொதலாளியா இருந்துக்கிட்டே ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகள (மலையில மெதுவா நகர்ற பெரிய ஐஸ் பாளங்கள) அளந்த டேனியல் டோல்ஃபுஸ்-ஓசே (1797–1870) பத்தி கேட்டிருந்தீங்க, வரிசையா சொல்றேன்.

சுபா: யாருங்க இவரு? துணி வியாபாரிக்கு மலையில என்ன வேலை?

பிரான்ஸ்ல அல்சாஸ் பக்கம் மியூலூஸ்னு ஒரு ஊரு. பருத்தித்துணியில அச்சடிக்கிறதுக்குப் பேர்போனது. அந்தத் துணிக்கு அவங்க வச்ச பேரே 'இந்தியென்', நம்ம சோழமண்டலக் கரையிலேருந்து போன சீட்டித்துணிய பாத்து பண்ணதுதான். 1746-ல அங்க மொத பட்டறை போட்டவங்கள்ல ஒருத்தர் டோல்ஃபுஸ் குடும்பம். இவரு சாயம், கெமிஸ்ட்ரி தெரிஞ்ச மொதலாளி. ஓசேங்கறது சம்சாரம் வீட்டுப் பேரு, அப்படிச் சேத்து வச்சுக்கறது அந்த ஊர் வழக்கம்.

கார்த்தி: பனியாறு நகருதுன்னு அந்தக் காலத்துலயே எப்படி கண்டுபுடிச்சாங்க?

இது செம கதை. சுவிஸ்ல உன்டரார்னு ஒரு பனியாறு, அதுமேல ஹூகிங்கறவர் 1827-ல ஒரு குடிசை போட்டாரு, 1841-ல போய் அளந்தா குடிசை போட்ட எடத்துலேருந்து 1,400 மீட்டருக்கு மேல கீழ வந்து கெடக்கு, யாரும் இழுக்கல, ஐஸே தூக்கிட்டு வந்திருக்கு! லூயி அகாசிங்கற சுவிஸ் விஞ்ஞானியோட ஆளுங்க அங்கயே ஒரு பாறைக்கு அடியில தங்கி, குறுக்க வரிசையா கம்பு நட்டு அளந்தாங்க. நடுவுல வேகமாவும் ஓரத்துல மெதுவாவும் ஓடுது, நம்ம ஆத்துத் தண்ணி மாதிரியேதான்.

முத்து: நம்மாளு டோல்ஃபுஸ் இந்த ஆராய்ச்சிக்குக் காசு மட்டும் குடுத்துட்டு ஒதுங்கிட்டாரா?

அதான் இல்ல. பனியாத்தங்கரையில தன் செலவுல ஒரு வீடு கட்டி அவரே போய்த் தங்கினாரு, அதுக்கு டோல்ஃபுஸ் பெவிலியன்னே பேரு. 1846-ல அகாசி அமெரிக்கா கெளம்பிட்டாரு, இவரு விடல, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அங்க போய் அளந்துட்டே இருந்தாரு. 1849, 50-ல டார்டெல்னு ஒரு டகேரோடைப்காரர (உலோகத் தகட்டுல படம் புடிக்கற அந்தக்கால போட்டோக்காரர) வச்சு பனியாறுகள போட்டோவும் எடுக்க வச்சாரு. எனக்குக் கேட்டா அவரு செஞ்சதுலயே பெரிய காரியம் இதுதான், ஐஸ் அப்ப எதுவரைக்கும் இருந்துச்சுன்னு படத்த வச்சே இன்னிக்குப் பாத்துக்கலாம்.

ஹேமா: தியோடுல் கணவாய்ல குளிர்காலம் பூரா ஆள் தங்க வச்சாராமே?

ஆமா, 1865 ஆகஸ்ட்லேருந்து ஒரு வருஷம். சுவிஸ்-இத்தாலி எல்லையில இருக்கற கணவாய், சுமார் 3,300 மீட்டர் உயரம். மேட்டர்ஹார்ன் மலை உச்சிய மொதமொதல்ல தொட்டு (அது ஜூலை 14) ஒரு மாசம்கூட ஆகல, அதே ஏரியா. மூணு பேர் உக்காந்து தெனம் வெயில், குளிர், காத்து எல்லாம் குறிச்சாங்க. இவருக்கு அப்ப 68 வயசு. குளிர்காலம் பூரா தங்கினவங்க பாடு, அய்யோ.

முத்து: பனியாறு பத்தி இவரு போட்ட புக்கு படிக்கலாமா?

1863-லேருந்து தொகுதி தொகுதியா போட்டாரு. படிக்கற புக்கு இல்லங்க அது. அட்டவணை, அடுத்தவங்க எழுதினதுலேருந்து எடுத்தது, எல்லாம் ஒரே குவியல். புதுசா தியரி கியரின்னு எதிர்பாக்காதீங்க, கணக்குப்புள்ள பேரேடு மாதிரி இருக்கும். தேடறவனுக்குப் பொக்கிஷம்.

சுபா: பனியாத்தங்கரையில கட்டின அந்த வீடு இருக்கா?

அந்த எடத்துல இப்ப லாடரார் மலைக்குடில் இருக்கு. அன்னிக்கு வீட்டுக்குக் கீழயே ஐஸ். இப்ப அதே ஐஸுக்கு ரொம்ப தூரம் கீழ எறங்கணும்.