குளிசை வேண்டாம், எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 61. பத்து மணிக்கே படுத்தாலும் இரண்டு மணி வரை நித்திரை இல்லை. காலையில் எட்டு, ஒன்பது மணியாகும் எழும்ப. மத்தியானம் சாப்பிட்டதும் மட்டும் கண் சொருகுகிறது. தடிமன் குளிசை போட்டால் நித்திரை வரும் என்கிறார் கூட்டாளி. எத்தனை போடலாம்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஒன்றும் போடாதீர்கள் சேர். அந்த மயக்கத்துக்கு உடம்பு சில நாளில் பழகிவிடும், பிறகு இரண்டாவது குளிசையைத் தேடுவீர்கள். உங்கள் வயதில் சலம் அடைக்கவும், விடியப்புறம் எழும்பும்போது தடுமாறி விழவும் அது காரணமாகலாம். பாமசியில் சும்மா கேட்டாலே தருகிறார்கள் என்பதற்காக அது தீங்கில்லாதது ஆகிவிடாது.

பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் கரைச்சல் இருந்ததா? விடிய எழும்பி, நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்கள் இரவையும் சேர்த்து ஒழுங்குபடுத்தியது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. அது போதுமான அளவு சேர்ந்தால்தான் கண் அசரும். ஒன்பது மணிக்கு எழும்பி, கச்சான் காற்று வெக்கையில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு விறாந்தையில் நீட்டி நிமிர்ந்தால், இரவு பத்து மணிக்கு நித்திரை எங்கிருந்து வரும்? போதாததற்கு, பின்னேரம் ஆறு மணிக்குக் குடித்த தேத்தண்ணீரின் கஃபீனில் ஏறக்குறைய பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் நிற்கும்.

சரி, நாளைக்கே தொடங்குங்கள். எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் காலை ஆறு மணிக்கு எழும்ப வேண்டும், போயாவும் ஞாயிறும் உட்பட. மத்தியானம் சாய்ந்தே ஆகவேண்டுமென்றால் 20 நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன். இரவில் கண் சொக்கும் வரை படுக்கைப் பக்கமே போகாதீர்கள். படுத்து 20 நிமிடம் போல் ஆகியும் நித்திரை வராவிட்டால் எழும்பி வெளியே வந்து, மங்கல் வெளிச்சத்தில் ஏதாவது வாசியுங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், போனைத் தொடவே வேண்டாம். கண் சொருகினால் திரும்பப் போங்கள். வரவில்லையா, மறுபடி எழும்புங்கள். படுத்தபடி புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கையைக் கண்டதுமே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடும். முதல் வாரம் பகல் முழுக்கச் சோர்வாக இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். (அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டாமல் இருப்பது நல்லது.)

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் இதெல்லாம் போதாது, வைத்தியரிடம் போங்கள். மனத்தில் ஏதாவது கிடந்து அரித்தாலும் அப்படித்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. நேரில் போகத் தயக்கமென்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.