இழுப்பறையில் கிடக்கும் படிவம்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். அப்பாவுக்கு வயது 74; ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய், லெவோடோபா மாத்திரையில் நாட்கள் ஓடுகின்றன. நோய் ஆராய்ச்சிக்காகக் கோவில் திருவிழாக்களில் உணவு விற்று நிதி திரட்டுகிறேன். நம்மவர்களோ உண்டியலைக் கண்டதும் விலகிப் போகிறார்கள். இதற்கிடையில், இறந்தபின் மூளையைத் தானம் செய்யும் படிவத்தை நிரப்பித் தரும்படி அப்பா வேறு கேட்டார். அம்மா தாங்கமாட்டார் என்று அதை இழுப்பறையில் வைத்துவிட்டேன். சோர்ந்துபோன நான் மக்கள் மனத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி, ஹரோ

பதில்: உண்டியலைக் கண்டு விலகுகிறவர்கள் இருக்கட்டும். ‘அப்பா வேறு கேட்டார்’ என்று ஒரே வரியில் கடந்துபோனீர்களே, அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசுவோம்.

1960இல் வியன்னாவில் ஏரிங்கர், ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர்கள் இந்த நோயோடு இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றில் உடலசைவைச் சீராக்க உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டறிந்தார்கள். மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபாவை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்க்கும் துணிவு அடுத்த ஆண்டே பிறந்தது அதனால்தான். நோயாளிகளின் நரம்பணுக்களில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் திரண்டு படிவதை 1997இல் காட்டிக்கொடுத்ததும் இறந்தவர்களின் மூளைத் திசுவே. முன்பின் அறியாத மனிதர்களின் மூளைகளால் கிடைத்த மாத்திரையை ஒன்பது ஆண்டுகளாக விழுங்கி வருகிற ஒருவர், தம் பங்கையும் தந்துவிட்டுப் போக விரும்புகிறார். ஊராரிடம் ஐந்து பவுண்டுக்குக் கையேந்தும் அவர் மகளாகிய நீங்கள் அதைத் தடுக்கிறீர்கள்.

அம்மாவைக் காரணம் காட்டாதீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுத்து சிறுத்துக் குறுகிப்போகும் நோய் இது என்பதால்தான் அப்பா உங்கள் உதவியை நாடியிருக்கிறார். பெற்றோரைப் பேணுவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆனால் தெளிந்த அறிவோடு இருக்கும் தகப்பனின் முடிவை, அவர் கை நடுங்குகிறது என்பதற்காகப் பிள்ளை பறித்துக்கொள்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

உங்கள் நகரிலேயே, இம்பீரியல் கல்லூரியில், பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பின் மூளை வங்கி இயங்குகிறது. தானத்தால் முகத்தோற்றம் மாறாது. இறுதிச் சடங்கும் பொதுவாகத் தள்ளிப்போகாது. ஆனால் திசு கெடுவதற்குள் வங்கிக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதால், துக்கத்தின் முதல் மணி நேரங்களில் யார் தொலைபேசியை எடுப்பது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது அவசியம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயில்லாதவர்களின் மூளைகளும் தேவைப்படுகின்றன. நீங்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

வரும் ஞாயிறு உணவுக்கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மாவை அருகில் உட்காரவைத்து, அப்பாவையே சொல்லவிடுங்கள். அவர் குரல் தணிந்திருக்கும், குறுக்கிடாமல் கேளுங்கள். அம்மா அழுதால் அழட்டும், கூடவே இருங்கள். அப்பா அப்போதும் உறுதியாக இருந்தால், மறுநாள் காலையே படிவம் தபாலில் சேர வேண்டும்.